டிஸ்பெப்சியா: ‘செரியாமை’ என்று எழுதினால் போதுமா?

ஏட்டுச்சுவடி (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். மருத்துவமனை ஒன்றுக்காக, நோயாளிகள் கையில் கொடுக்கும் துண்டறிக்கைகளைத் தமிழில் எழுதித் தருகிறேன். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூட்டுவலி என்று ஒன்பது அறிக்கைகள் பெரிய சிக்கலின்றி முடிந்தன. பத்தாவதாக வந்தது டிஸ்பெப்சியா. அகராதியைத் திறந்தால் செரியாமை, அசீரணம், அக்கினிமந்தம் என்று மூன்று சொற்கள் எதிரே நிற்கின்றன. மூன்றில் தமிழாக இருப்பது முதல் சொல்தானே என்று எண்ணிச் ‘செரியாமை’ எனத் தலைப்பிட்டு அனுப்பினேன். சரிபார்த்த மருத்துவர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் ‘இந்த நோயாளிகளுக்கு உணவு நன்றாகவே செரிக்கிறது’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

எனக்கு வேண்டியவை இவை. மூலச்சொல் எந்த மொழியில் என்ன பொருளில் பிறந்தது? நம்மிடம் உள்ள மூன்று சொற்களும் ஒரே பொருளைச் சொல்கின்றனவா, அல்லது ஒவ்வொன்றும் வேறொன்றைச் சொல்கிறதா? கடைசியாக, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர் படித்துப் புரிந்துகொள்ள எதை எழுதுவது?

வேர்ச்சொல் விரும்பி

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது விடை எழுதுகிறேன். டிஸ்பெப்சியா கிரேக்கச் சொல். ‘டிஸ்’ என்னும் முன்னொட்டு கேடு, இடர், அருமை என்னும் பொருள்களைத் தரும். ‘பெப்சிஸ்’ என்பதை எல்லாரும் செரிமானம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அதன் வினையடிக்கு முதற்பொருள் சமைத்தல், பழுக்கவைத்தல் என்பதுதான். ஆக, டிஸ்பெப்சியா என்றால் ‘சரியாக வேகாமை’ என்று சொல்லலாம். வயிற்றை ஓர் அடுப்பாகவும் உணவை அதன்மேல் ஏற்றிய உலையாகவும் பார்த்தவர்கள் படைத்த சொல் அது.

அரிஸ்டாட்டில் இதை மிக விரிவாக எடுத்துக்கொள்கிறார். வெப்பத்தால் ஒரு பொருள் தன் முழுமையை அடைவதற்குப் பெப்சிஸ் என்று பெயரிட்டு, அதற்குள் பழுத்தல், வேகுதல், வாட்டப்படுதல் என்று மூன்று வகைகளை வைக்கிறார். பெப்சிஸ் நிகழாமல் போவதற்கு ‘அபெப்சியா’ என்று பெயர். கிரேக்க மருத்துவர்கள் இதே சொல்லைக் கட்டி பழுப்பதற்கும் சளி முதிர்வதற்கும் பயன்படுத்தினார்கள். நாமும் இன்றுவரை ‘கட்டி பழுத்துவிட்டது’, ‘சளி பழுத்து வருகிறது’ என்று சொல்கிறோம் அல்லவா? மாம்பழத்துக்கும் நெஞ்சுச்சளிக்கும் ஒரே வினையைப் பயன்படுத்துவது கிரேக்கர்களுக்கு மட்டும் உரிய விந்தை அன்று.

இந்தச் சொல்லின் உறவினர் நம் வீட்டிலேயே இருக்கிறார். வடமொழியின் ‘பச்’ என்னும் வினையடியும் கிரேக்கச் சொல்லின் அடியும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து கிளைத்தவை. அந்தப் ‘பச்’ என்பதிலிருந்து வந்த ‘பக்வம்’ தமிழில் பக்குவம் ஆயிற்று; ‘பாகம்’ நளபாகத்தில் நிற்கிறது. ‘மாமியாரின் கைப்பக்குவம் யாருக்கும் வராது’ என்று சொல்லும்போதும், ‘அவர் பக்குவப்பட்ட மனிதர்’ என்று சொல்லும்போதும் நாம் பெப்சிஸின் தம்பியைத்தான் அழைக்கிறோம். இலத்தீனில் அதே வேர் சமைத்தலைக் குறிக்கும் சொல்லாகி, அங்கிருந்து ஆங்கிலத்தின் ‘குக்’ வரை வந்திருக்கிறது.

ஒரு சிறு துணைச்செய்தி. அமெரிக்காவின் வட கரோலினாவில் நியூ பெர்ன் என்னும் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த கேலப் பிராடம், தாம் கலந்து விற்ற குளிர்பானத்துக்கு 1898இல் பெப்சி-கோலா என்று பெயர் மாற்றினார். உண்டதைச் செரிக்கவைக்கும் பானம் என்னும் எண்ணத்தில் டிஸ்பெப்சியாவிலிருந்து எடுத்த பெயர் அது. வயிறு உப்பினால் சோடா குடிக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோயில்தெரு

‘அசீரணம்’ குறித்து நான் எழுதலாமா? ‘ஜீர்ண’ என்னும் வடசொல்லுக்குச் சமைத்தலோடு எந்தத் தொடர்பும் இல்லை. முதுமையடைதல், தேய்தல், நைந்துபோதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து வந்தது அது. மூப்பைக் குறிக்கும் ‘ஜரா’ இதன் உடன்பிறப்பு. முதியவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘கெரோன்’ இதற்கு உறவு. முதியோர் மருத்துவத்தின் ஆங்கிலப் பெயர் அதே குடும்பத்தில் பிறந்தது.

எங்கள் தெருக்கோடியில் உள்ள சிவன் கோயிலுக்கு அண்மையில் குடமுழுக்கு நடந்தது. அழைப்பிதழின் மேற்பகுதியில், மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில், ‘ஜீர்ணோத்தாரண அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிறுவன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ‘சாமிக்கு வயிறு சரியில்லையா?’ என்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம், ஆனால் அவன் சொல்லின் வேரைச் சரியாகத்தான் பிடித்திருந்தான். சிதைந்துபோன கோயிலை எடுத்துக்கட்டுவது ஜீர்ணோத்தாரணம். கீதையின் 2ஆம் அத்தியாயத்தில் உயிர் உடலை மாற்றுவதற்கு உவமையாக வரும் பழைய ஆடைகளும் ‘ஜீர்ண’ ஆடைகளே. கிழிந்த துணி, இடிந்த கோயில், வயிற்றில் கரைந்த சோறு ஆகிய மூன்றும் அந்த மொழியில் ஒரே நிலையை அடைந்தவை. உணவு தன் உருவழிந்து நைந்துபோவதுதான் சீரணம். நையாமல் அப்படியே கிடப்பது அசீரணம்.

குழந்தைக்குச் சோறூட்டி முடித்ததும் வயிற்றைத் தடவி, ‘வாதாபி ஜீர்ணம்’ என்று சொல்லும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டு உருவில் சமைக்கப்பட்டு அகத்தியரின் வயிற்றுக்குள் போன அரக்கன், தமையன் அழைத்தும் வெளியே வர முடியாமல் உள்ளேயே அழிந்துபோன கதை அது. அங்கே சமைத்தல் முன்பே முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். அகத்தியர் வயிற்றில் நடந்தது உருவழித்தல்.

வேர்ச்சொல் விரும்பி

அருமை, கோயில்தெரு அவர்களே. ஆனால் ஒரு திருத்தம். வடமொழி மருத்துவம் தேய்தலோடு நின்றுவிடவில்லை. சமையலையும் சேர்த்தே வைத்திருக்கிறது. இரைப்பைக்கு ‘ஆமாசயம்’ என்றும் அதற்குக் கீழே உள்ள குடற்பகுதிக்குப் ‘பக்குவாசயம்’ என்றும் பெயர். ‘ஆமம்’ என்றால் வேகாதது. ‘பக்குவம்’ என்றால் வெந்தது. வேகாதது கிடக்கும் இடம், வெந்தது கிடக்கும் இடம் என்று உடலையே அரிசிப்பானை, சோற்றுப்பானை என இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். கீதையின் 15ஆம் அத்தியாயத்தில் கண்ணன், தான் உயிர்களின் உடலில் தீயாக இருந்து நால்வகை உணவையும் ‘பசாமி’, அதாவது சமைக்கிறேன், என்கிறான்.

மணற்காட்டான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் மூன்று சொற்கள் என்கிறீர்கள். எங்களுக்கு நாலாவது ஒன்று உண்டு, எங்கள் பாடநூல்களில் அதுதான் முதலாவது. பள்ளியில் நாங்கள் படித்தது ‘சமிபாடு’. உணவுச் சமிபாடு, சமிபாட்டுத் தொகுதி, சமிபாடடைந்த உணவு என்றுதான் விஞ்ஞானப் பாடம் முழுவதும் வரும். ‘செரிமான மண்டலம்’ என்பதை முதன்முதலாகத் தமிழ்நாட்டுப் புத்தகம் ஒன்றில் கண்டபோது, மண்டலம் என்றதும் ஏதோ வானியல் என்று நினைத்துவிட்டேன். வீட்டுப் பேச்சில் ‘சாப்பாடு செமிக்கேல்லை’ என்போம்.

மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முயன்ற ஊர் எங்களுடையது என்பதையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழ்வழியே மருத்துவம் பயிற்றி, உடற்கூறு நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொல்லை எங்கிருந்து எடுப்பது, வடசொல்லையா ஊர்ச்சொல்லையா என்னும் ஏட்டுச்சுவடி அவர்களின் சிக்கல் அவருடைய மேசையிலும் இருந்திருக்கும்.

என் கேள்வி இது: ‘சமி’ எங்கிருந்து வந்தது? தணிதல் என்னும் பொருளுடைய வடமொழிச் ‘சம’ அடியிலிருந்தா, அல்லது செரி என்பது செமி ஆகி, அது சமி ஆயிற்றா?

கரிசல்காட்டு வாசகி

செமித்தல் உங்களுக்கு மட்டும் உரியது அன்று. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வீட்டில் ‘தின்னது செமிக்கல’ என்றுதான் சொல்வார்கள்; செரிக்கவில்லை என்பதைப் பள்ளியில்தான் கற்றேன். கடலுக்கு இருபுறமும் ஒரே சொல் வழங்குவதைப் பார்த்தால், இது பாடநூல் எழுதியவர்கள் புதிதாகக் கட்டியது அன்று, பேச்சிலிருந்து ஏட்டுக்கு ஏறியது என்றே தோன்றுகிறது. வேரைப் பற்றி, ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்லக்கூடாது என்பது என் கருத்து. ‘ஜீர்’ என்பதிலிருந்துதான் ‘செரி’ வந்தது என்று ஒருவர் சொல்வார். ‘செரி’ என்பதிலிருந்துதான் ‘ஜீர்’ போயிற்று என்று அடுத்தவர் சொல்வார். இருவரிடமும் இருப்பது ஓர் எழுத்தின் ஒற்றுமை மட்டுமே.

‘செரிமானம்’ என்னும் வடிவத்தைப் பற்றி ஒன்று. தேய்மானம், பிடிமானம், சேர்மானம், கட்டுமானம், வருமானம் என்று பேச்சுத்தமிழ் தாராளமாகப் பயன்படுத்தும் ஈறு இது. கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் வாழும் ஈறு போலத் தெரிகிறது. தேய்மானத்துக்கு அருகில் செரிமானம் நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஜீர்ணத்தின் பொருளே தேய்மானம்தானே என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

வைத்தியர்பேரன்

நீங்கள் அனைவரும் ஒரு சொல்லை விட்டுவிட்டீர்கள். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் செரிமானத்தைப் பற்றி 942 முதல் 947 வரை ஆறு குறள்கள் இருக்கின்றன. அவற்றுள் செரி என்னும் சொல்லும் இல்லை, சீரணமும் இல்லை. இருப்பது ‘அறு’.

‘மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு அருந்தியது
அற்றது போற்றி உணின்.’

அடுத்த குறள் ‘அற்றால் அளவறிந்து உண்க’ என்று தொடங்குகிறது. அதற்கடுத்தது ‘அற்றது அறிந்து’ என்று தொடங்குகிறது. அடுத்தடுத்து மூன்று குறள்களில் ஒரே வினை. குளத்து நீர் அற்றது, கையில் பணம் அற்றது என்று சொல்வோமே, அந்த அற்றதுதான். முன்பு உண்டது இல்லாமற்போயிற்றா, வயிறு வெறுமையாயிற்றா என்று பார்த்து உண் என்கிறார். வயிற்றுக்குள் என்ன வேலை நடக்கிறது என்பதைப் பற்றி இந்தச் சொல் எந்தக் கொள்கையும் பேசவில்லை. உண்டது தீர்ந்ததா இல்லையா என்பதை மட்டும் கேட்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் 947ஆம் குறளுக்கு வந்ததும் அவரும் அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறார்: ‘தீயள வன்றித் தெரியான் பெரிதுண்ணின் நோயள வின்றிப் படும்.’ இங்கே தீ என்பது வயிற்றுத்தீ என்றே உரை சொல்கிறார்கள். மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த தீராப்பசி நோய்க்கு ‘யானைத்தீ’ என்று பெயர். பன்னிரண்டு ஆண்டு எரிந்த அந்தத் தீ, மணிமேகலை இட்ட ஒரு பிடிச் சோற்றில் அணைந்தது. சித்த மருத்துவத்தில் பித்தத்தின் ஐந்து வகைகளுள் செரிமானத்துக்கு உரியது ‘பாசகம்’. அதற்குத் தமிழ்ப்பெயர் ‘ஆக்கனல்’. சோறாக்கு, குழம்பாக்கு என்கிறோமே, அந்த ஆக்குதலும் அனலும் சேர்ந்தது. வேர்ச்சொல் விரும்பி அவர்கள் எழுதிய பெப்சிஸுக்கு இதைவிட நெருக்கமான தமிழ்ச்சொல்லை யாராலும் காட்ட முடியாது என்று நினைக்கிறேன். இஞ்சிக்கும் சுக்குக்கும், சித்த மருந்துப்பொருள்களின் குணங்களைச் சொல்லும் குணபாடத்தில் எழுதியிருக்கும் செய்கைப் பெயர்கள் ‘பசித்தீத்தூண்டி’, ‘அகட்டுவாய்வகற்றி’. அகடு என்றால் வயிறு.

இப்போது அக்கினிமந்தத்துக்கு வருகிறேன். மந்தம் என்றால் மெதுவாக எரிதல். அடுப்பு அணைந்துவிடவில்லை, ஈர விறகு வைத்ததுபோலப் புகைந்துகொண்டிருக்கிறது. தீயின் நிலையை நான்காகச் சொல்வார்கள்: சமமாக எரிவது, முறைமாறி எரிவது, கடுமையாக எரிவது, மந்தமாக எரிவது. என் தாத்தாவிடம் ‘வயிறு சரியில்லை’ என்று வந்தவர்களிடம் அவர் முதலில் நாடியைத் தொடமாட்டார். ‘ஏப்பம் தெளிஞ்சுதா?’ என்று கேட்பார். உண்ட உணவின் மணமோ புளிப்போ இல்லாமல் வெறும் ஏப்பம் வந்தால், உடல் இலேசாகி மீண்டும் பசியும் தாகமும் எழுந்தால், உள்ளே இருந்தது அற்றுவிட்டது என்று பொருள். புளித்த ஏப்பம் வருகிறது என்று சொன்னவருக்கு மட்டும், திண்ணை ஓரத்தில் இருந்த பித்தளைச் சொம்பிலிருந்து ஓமத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மதியச் சோறு வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார். இருவருக்கும் ‘செரிக்கவில்லை’ என்று அவர் சொன்னதை நான் கேட்டதில்லை. ‘மந்தமா இருக்கு’ என்பார்.

இரவுப்பணி மருத்துவர்

ஏட்டுச்சுவடி அவர்களே, உங்கள் தாளில் சிவப்பு மை இட்டவர் நான் இல்லை. ஆனால் நானும் அதையே செய்திருப்பேன்.

சொல் வரலாற்றை நீங்கள் எல்லாரும் சுவையாக எழுதிவிட்டீர்கள். அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருந்த கொள்கைகள் எப்படி ஒவ்வொன்றாக விழுந்தன என்பதைச் சொன்னால், எங்கள் தயக்கம் புரியும். வயிறு என்ன செய்கிறது என்பதில் பழைய மருத்துவர்களுக்குள் இருந்த சண்டையை முதலாம் நூற்றாண்டு உரோமானியரான கெல்சஸ் பதிந்துவைத்திருக்கிறார். எராசிஸ்ட்ராட்டஸின் வழியினர் வயிறு உணவை அரைக்கிறது என்றார்கள். பிளிஸ்டோனிக்கஸ் உணவு அங்கே அழுகுகிறது என்றார். ஹிப்போகிராட்டஸை நம்பியவர்கள் வெப்பத்தால் வேகிறது என்றார்கள். அஸ்கிளேபியாதெஸோ, இவை எல்லாம் வீண் பேச்சு, எதுவும் வேகுவதில்லை, உண்டது பச்சையாகவே உடலெங்கும் பிரிந்து செல்கிறது என்றார். கோயில்தெரு அவர்கள் சொன்ன தேய்தலும், வேர்ச்சொல் விரும்பி அவர்கள் சொன்ன வேகுதலும் இந்தப் பட்டியலில் எங்கே பொருந்தும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தின் ‘டைஜஸ்ட்’ நான்காமவருக்கு அருகில் வரும். பிரித்தெடுத்துக் கொண்டுசேர்த்தல் என்பதே அதன் இலத்தீன் பொருள். ஜஸ்டீனியன் 533இல் வெளியிட்ட சட்டத் தொகுப்புக்கும் அதே பெயர்தான்.

அரைக்கும் கொள்கையைச் சோதித்தவர் பிரான்சின் ரேமூர். 1752 வாக்கில், துளையிட்ட உலோகக் குழலுக்குள் இறைச்சியை வைத்துப் பருந்து ஒன்றை விழுங்கச் செய்தார். குழல் நசுங்கவில்லை, உள்ளே இருந்த இறைச்சி கரைந்திருந்தது. அரைக்காமலே கரைகிறது என்றால் ஏதோ நீர் அதைக் கரைக்கிறது. வேகவைக்கும் கொள்கைக்கு முடிவு அமெரிக்காவில் வந்தது. 1822 ஜூன் 6 அன்று மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞரின் மேல்வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் வயிற்றில் திறந்த துளை ஒன்று நிலைத்துவிட்டது. அவருக்கு மருத்துவம் பார்த்த வில்லியம் போமான்ட் 1825 முதல் அந்தத் துளை வழியே பட்டுநூலில் கட்டிய இறைச்சித் துண்டுகளை இறக்கி, மணிக்கொரு முறை இழுத்துப் பார்த்தார். வயிற்று நீரை வெளியே எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, உடல் வெப்பத்தில் வைத்தபோதும் இறைச்சி அதில் கரைந்தது. இரைப்பையின் வெப்பம் உடலின் வெப்பம்தான், ஏறத்தாழ 100 பாரன்ஹீட். அதில் முட்டைகூட வேகாது. இதனிடையே 1824இல் வில்லியம் புரவுட், வயிற்றில் உள்ள அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று காட்டியிருந்தார். 1836இல் தியோடர் ஷ்வான் அந்த நீரில் புரதத்தை உடைக்கும் பொருளைக் கண்டறிந்து, அதற்குப் பெப்சின் என்று பெயரிட்டார். சமையல் இல்லை என்று தெரிந்த பிறகும் பெயரில் மட்டும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

இனி உங்கள் துண்டறிக்கை. இன்று நாங்கள் டிஸ்பெப்சியா என்று எழுதுவது செரிமானம் கெட்டுப்போவதை அன்று. உண்டபின் மேல்வயிறு அளவுக்கு மீறி நிறைந்திருப்பதுபோல் இருத்தல், நான்கு கவளத்திலேயே போதும் என்று ஆகிவிடுதல், மேல்வயிற்றில் வலி, மேல்வயிற்றில் எரிச்சல் ஆகிய நான்கு தொல்லைகளின் பொதுப்பெயர் அது. உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தால் பலருக்குப் புண்ணோ கட்டியோ எதுவும் இருக்காது. அத்தகையோருக்குச் செயல்நிலை டிஸ்பெப்சியா என்று பெயரிடுகிறோம். அவர்களுடைய அமிலமும் பெப்சினும் வேலையைச் செய்கின்றன. சிலருக்கு இரைப்பை விரிந்துகொடுக்க மறுக்கிறது, சிலருக்கு மெதுவாகக் காலியாகிறது, சிலருக்கு நரம்புகள் சிறிய இழுப்பையும் வலியாகச் சொல்கின்றன.

சென்ற வாரம் இரவுப்பணியில் ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். ‘செரிக்கலையா பாட்டி?’ என்று கேட்டேன். ‘அதெல்லாம் செரிக்குதுய்யா, காலையில ஒழுங்கா போகுது. ஆனா ரெண்டு இட்லி தின்னா அம்மிக்கல்ல விழுங்குன மாதிரி இருக்கு’ என்றார். நோயின் இலக்கணத்தை எந்தப் பாடநூலும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. செரியாமை என்று அச்சடித்த தாளை அவரிடம் கொடுத்திருந்தால், இது எனக்கு உரியது இல்லை என்று மடித்து வைத்திருப்பார்.

இதற்கு நேர்மாறான தொல்லை ‘அல்சர்’. மேல்வயிற்றில் வலி வந்தவுடன் எந்தச் சோதனையும் இல்லாமல் ‘எனக்கு அல்சர் இருக்கு’ என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அல்சர் என்றால் புண். அதில் பெரும்பங்குக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரி என்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் காட்டிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது என்று தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டு, சோதனைக்கு வராமல் இருப்பவர்கள் இன்னும் ஏராளம்.

கரிசல்காட்டு வாசகி

‘அஜீரணக் கோளாறு’ என்று கடைப்பலகைகளிலும் விளம்பரங்களிலும் எழுதுகிறார்களே, அதையும் டாக்டர் சுழித்துவிடவேண்டும். அசீரணம் என்பதே கோளாறு. கோளாறுக்கு ஒரு கோளாறு வந்தால் நோய் தீர்ந்துவிடும் அல்லவா? ‘கேட்டுவாசல்’ என்பதுபோல இதுவும் நிலைத்துவிட்டது.

அக்கம்பக்கத்து மொழிகளையும் சொல்லிவிடுகிறேன். தெலுங்கில் ‘அருகு’ என்னும் வினை செருப்பு தேய்வதற்கும் வரும், சோறு செரிப்பதற்கும் வரும். வடமொழியின் ஜீர்ணத்துக்கு உள்ள அதே இரட்டைப் பொருள் இன்னொரு மொழிக்குடும்பத்திலும் இருப்பது வியப்பாக இருக்கிறது. கன்னடத்தில் ‘அரகு’. மலையாளத்தில் செரிமானத்துக்குப் பெயர் ‘தகனம்’, செரியாமைக்குத் ‘தகனக்கேடு’. எரித்தல் என்னும் பொருள் அங்கே அடுப்போடு நின்றது. நமக்கு அது சுடுகாட்டுக்குப் போய்விட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் ‘தகனத்துக்கு நல்லது’ என்று சொல்லி என் அம்மாவிடம் இஞ்சி மிட்டாயை நீட்டினார்கள். அவர் அதை வாங்கவே இல்லை.

மணற்காட்டான்

டாக்டர் சொன்ன விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். செரியாமைக்குப் பதிலாக, வைத்தியர்பேரன் அவர்களின் தாத்தா சொன்ன ‘மந்தம்’ பொருந்தும் என்று தோன்றுகிறது. ஆனால் வெறுமனே ‘மந்தம்’ என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் மந்தபுத்தி, மந்தமான காலநிலை என்று மனம் போகக்கூடும். அதனால் ‘வயிறு’ என்பதை விட்டுவிடாமல் சேர்த்து எழுதுங்கள். இன்னொன்று: சொல்லைத் தேடுவதைவிட அந்த மூதாட்டியின் அம்மிக்கல்லை அறிக்கைக்குள் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள்.

வைத்தியர்பேரன்

மந்தம் என்னும் சொல்லைப் பரிந்துரைப்பதில் எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. சித்த மருத்துவத்தில் குழந்தைகளுக்கு வரும் ‘மாந்தம்’ வேறு நோய்வகை. பேச்சில் இரண்டையும் கலந்து சொல்வார்கள். அறிக்கை பெரியவர்களுக்கானது என்றால் சிக்கல் இல்லை. குழந்தைகளின் பெற்றோருக்கும் கொடுப்பதாக இருந்தால் ஒரு வரி விளக்கம் வேண்டும். மெதுவாகக் காலியாகும் வயிறு என்று டாக்டர் எழுதியதைப் படித்தபோது, மெதுவாக எரியும் தீ என்னும் பழைய உருவகம் அதற்கு அவ்வளவு தொலைவில் இல்லை என்றும் தோன்றியது. ஆனால் இதை வைத்துக்கொண்டு முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று யாரும் கொடி பிடிக்கவேண்டாம். தீ என்று அவர்கள் நம்பியது தீ அன்று.

இரவுப்பணி மருத்துவர்

‘வயிற்று மந்தம்’ எனக்கு உடன்பாடு. அது எந்த உறுப்பு எந்த வேலையைச் செய்யவில்லை என்று தீர்ப்பு எழுதாமல், நோயாளி உணர்வதை மட்டும் சொல்கிறது. எரிச்சலும் வலியும் அந்தச் சொல்லுக்குள் அடங்காது என்பதால் கீழே தனியாக எழுதிவிடுங்கள். எச்சரிக்கைக் குறிகளையும் மறக்கவேண்டாம்: காரணமில்லாமல் எடை குறைதல், விழுங்குவதில் தடை, தொடர்ந்த வாந்தி, இரத்த வாந்தி, கருமையான மலம், இரத்தச்சோகை. இவற்றில் ஒன்று இருந்தாலும், வயதானவருக்கு இந்தத் தொல்லை புதிதாகத் தொடங்கினாலும், ஓமத் தண்ணீரோடு வீட்டில் இருக்கக்கூடாது.

ஏட்டுச்சுவடி

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு திருத்தி அனுப்பிய பகுதியை இங்கே இடுகிறேன்.

‘வயிற்று மந்தம் (டிஸ்பெப்சியா). கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறதா? சாப்பிட்டு நெடுநேரம் ஆகியும் மேல்வயிற்றில் கல்லை வைத்ததுபோல் இருக்கிறதா? அங்கே வலியோ எரிச்சலோ வருகிறதா? இவற்றை வயிற்று மந்தம் என்கிறோம். உணவு செரிக்கவில்லை என்பது இதற்குப் பொருள் அன்று. பலருக்கு உணவு செரித்துவிடும். தொல்லை மட்டும் இருக்கும்.’

அதன் கீழே டாக்டர் சொன்ன எச்சரிக்கைக் குறிகளைத் தடித்த எழுத்தில் தனிக்கட்டத்தில் இட்டிருக்கிறேன். ‘இலங்கை வாசகர்களுக்கு: சமிபாட்டுக் கோளாறு என்று சொல்லப்படுவதும் இதுவே’ என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன், கோளாறு என்றதும் பழைய சிக்கல் திரும்பி வருவதை உணர்ந்து எடுத்துவிட்டேன். மணற்காட்டான் அவர்கள் மன்னிக்கவேண்டும்.

இன்று காலை தாள் திரும்பி வந்தது. ‘அம்மிக்கல்’ என்று நான் முதலில் எழுதியதை நகரத்து வாசகருக்காகக் ‘கல்’ என்று சுருக்கியிருந்தேன். அந்த ஓரிடத்தில் மட்டும் சிவப்பு மை இருந்தது: ‘அம்மிக்கல் என்றே இருக்கட்டும்.’